கணவருக்குக் கொடுத்த மாத்திரை எனக்கும் வேண்டுமா?

கடிதம் எழுதியவருக்கு 73 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசிக்கிறார். கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் வந்து, கடைசிக் காலம் முழுவதும் படுக்கையிலேயே கழிந்தது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாமே இவர்தான். அவர் போன பிறகு, தலைமாட்டில் மிச்சமிருந்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அட்டையிலிருந்து தினம் ஒன்றாக இவரே போட ஆரம்பித்திருக்கிறார். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. எந்த மருத்துவரும் இவருக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ இவருக்கு வந்ததில்லை. சர்க்கரை நோயும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். போன வருடம் அதன் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு ஒன்றரை வருடமாக இபுபுரொஃபென், வாரத்தில் நான்கைந்து நாள்.

இப்போது அவர் சொல்லும் தொந்தரவுகள்: முன்கையில் காரணமே இல்லாமல் கருநீலத் திட்டுகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் எழுந்து நின்றால் தலை லேசாகச் சுற்றுகிறது. இரண்டு மாதம் முன்பு குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி, நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. எங்கோ படித்துவிட்டு ஆஸ்பிரினை உடனே நிறுத்தச் சொல்கிறார் மகன். "ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்" என்கிறார் மகள். இவருடைய அக்காவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தங்கை நிறுத்தினால் தானும் நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்கிறாராம்.

கடிதத்தில் ஒரு வரி: "சாவைப் பற்றி எனக்குப் பயமில்லை டாக்டர். அவர் கிடந்த மாதிரி நான் கிடக்கக் கூடாது. என் வேலையை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த மாத்திரை."

அம்மா, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். எத்தனை வருடம் இருப்போம் என்பதைவிட, இருக்கும் வரை தன் காலில் நிற்போமா என்பதுதான் எழுபதைத் தாண்டியவர்களின் பெரிய கவலை. முதியோர் மருத்துவத்தில் இருக்கிற நான் அந்தக் கவலையைத் தினமும் கேட்கிறேன். கணவரை அப்படிப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு அது இன்னும் ஆழமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு ஆஸ்பிரின் மருந்தாகுமா? இதே கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்து, விடையும் வந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரைச் சேர்த்து நடத்திய ஆஸ்ப்ரீ ஆய்வு அது. ஏறக்குறைய எல்லோரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். உங்களைப் போலவே மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள், மறதிநோய் இல்லாதவர்கள், தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. முடிவுகள் 2018-இல் வெளிவந்தன.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் எதை எண்ணினார்கள் என்பது. மாரடைப்பை மட்டும் எண்ணவில்லை. அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பது, படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுவது, கழிப்பறைக்குப் போவது, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது ஆகிய ஆறில் ஒன்றையாவது தானாகச் செய்ய முடியாமல் ஆறு மாதமாவது நீடித்தால், அதை உடல் இயலாமை என்று கணக்கில் எடுத்தார்கள். உங்கள் கணவருக்கு நீங்கள் செய்து கொடுத்த வேலைகளின் பட்டியலும் இதேதான். இறப்பு, மறதிநோய், உடல் இயலாமை மூன்றும் இல்லாமல் ஒருவர் எவ்வளவு காலம் இருக்கிறார் என்று பார்த்தார்கள்.

சராசரியாக ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்ததில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 21.5 பேர் இந்த மூன்றில் ஒன்றைச் சந்தித்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 21.2 பேர். அதாவது வித்தியாசமே இல்லை. மறதிநோயும் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. உடல் இயலாமையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஆஸ்பிரின் பக்கம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுதான், அதை நம்பி தினமும் ஒரு மாத்திரை விழுங்கச் சொல்ல முடியாது.

மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும், ஆய்வுக்காலம் முழுவதிலும் ஆயிரம் பேரில் ஆஸ்பிரின் பக்கம் சுமார் 47, போலி மாத்திரைப் பக்கம் 49. இதுவும் தற்செயலுக்குள் அடங்குவதுதான். தெளிவான வித்தியாசம் வந்தது ரத்தக்கசிவில். ஆயிரத்துக்கு 28 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வர வேண்டிய இடத்தில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. வயிறு, குடல், மூளை எல்லாம் இதில் சேர்த்தி. ஆஸ்பிரின் பக்கம் இறப்பும் சற்று அதிகம், அதில் பெரும்பங்கு புற்றுநோயால். இதன் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. முந்தைய ஆய்வுகள் வேறு மாதிரி சொன்னதால், இதை வைத்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ரத்தக்கசிவு விஷயத்தில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

"அப்படியானால் இத்தனை காலம் எல்லோரும் ஏன் நல்லது என்றார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1989-இல் அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவி, வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் இருந்தவர்கள் 40 வயது முதல் உள்ள ஆண்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பரவலாக வராத காலம் வேறு. மாரடைப்பைத் தடுக்க இன்று வேறு வழிகள் நிறைய வந்துவிட்டன. வயதாக ஆக ரத்தக்கசிவு ஆபத்தும் ஏறுகிறது. தராசின் ஒரு தட்டு எடை குறைந்து, மறு தட்டு கனத்துவிட்டது. அதனால்தான் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள் 60 வயதுக்கு மேல் ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் அறிவித்தது. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் 75 வயதை ஒட்டி நிறுத்துவது பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னது. நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் நம்பியிருக்கும் சில விஷயங்கள்

"சின்ன மாத்திரைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். 75 மில்லிகிராம் என்பது வலிக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் ரத்தம் உறைவதற்காக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்கள் இருக்கின்றனவே, அவற்றை முடக்க அந்த அளவே போதும். ஒருமுறை முடங்கிய தட்டணு, அதன் ஆயுள் முடியும் வரை அப்படியேதான் இருக்கும். அந்த ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மகள் சொல்லும் ஒருநாள் விட்டு ஒருநாள் யோசனையில் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான். நேற்றைய மாத்திரையின் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கும். வேண்டுமென்றால் முழுதாக வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம்.

"மேல்பூச்சு உள்ள மாத்திரை, சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்றும் சொல்கிறீர்கள். பூச்சு, மாத்திரை வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைய உதவுகிறது, அவ்வளவுதான். கரைந்த மருந்து ரத்தத்தில் கலந்து, அந்த வழியாக வயிற்றின் உட்சவ்வுக்கே திரும்பி வரும். வந்து, சவ்வைக் காக்கும் சுரப்புகளைக் குறைத்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்ப்ரீ ஆய்வில் கொடுத்ததே பூச்சு உள்ள மாத்திரைதான். மேலே சொன்ன கூடுதல் ரத்தக்கசிவு பூச்சோடு வந்த கணக்கு.

"ஆறு வருடமாக ஒன்றும் ஆகவில்லை." இங்கேதான் உங்களோடு கொஞ்சம் வாதிட வேண்டியிருக்கிறது. ஒன்றுமே ஆகவில்லையா? உங்கள் கடிதத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை.

படிக்கட்டில் வாங்கும் மூச்சு

முன்கைத் திட்டுகள் பெரிய ஆபத்து இல்லை. வயதானால் தோல் மெலிந்து, அடியில் இருக்கும் சிறு ரத்தக்குழாய்களுக்குத் தாங்குதல் குறையும். லேசாக இடித்தாலே ரத்தம் கசியும். ஆஸ்பிரின் அதைக் கூட்டும். பார்க்க நன்றாக இருக்காது, மற்றபடி பயப்பட வேண்டாம். எனக்குக் கவலை தருவது மூச்சு வாங்குவதுதான். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

ஆஸ்ப்ரீ ஆய்வில் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தைப் பிறகு தனியாகப் பார்த்து, 2023-இல் இன்னொரு கட்டுரை வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 51 பேருக்கு ரத்தசோகை வந்தது, மற்றவர்களில் 43 பேருக்கு. உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஆஸ்பிரின் பக்கம் வேகமாகக் குறைந்தது. கண்ணுக்குத் தெரியாமல் குடலில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தால் இப்படி ஆகலாம். வலி இருக்காது, மலத்தில் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். சோர்வும் மூச்சு வாங்குவதும் நடை தளர்வதும் மட்டும் மெல்ல மெல்ல வரும். நாமும் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். உட்கார உட்காரக் கால் தசை கரையும். யாரையும் சாராமல் இருக்க வேண்டும் என்று போட்ட மாத்திரையே இப்படி ஒருவரைச் சார்ந்திருக்க வைத்துவிடலாம்.

உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து அதைச் சொல்ல முடியாது. மூச்சு வாங்க இதயம், நுரையீரல், தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. இத்தனையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரினால்தான் என்று முடிவு கட்டுவதும் கூடாது. 73 வயதில் ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். வயிற்றுப்புண்ணாக இருக்கலாம், ஹெலிகோபாக்டர் கிருமியாக இருக்கலாம், குடலில் கட்டியாகக்கூட இருக்கலாம். எண்டோஸ்கோபி வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

ஆஸ்பிரினைவிட அவசரமான மாத்திரை

நீங்கள் கேட்டது ஆஸ்பிரினைப் பற்றி. ஆனால் உங்கள் மருந்துப் பெட்டியில் நான் முதலில் கை வைப்பது இபுபுரொஃபெனில்தான். கடிதத்தில் நீங்கள் கொடுத்த காலக்கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றரை வருடம் முன்பு வலி மாத்திரை தொடங்கினீர்கள். அதற்குச் சில மாதம் கழித்து ரத்த அழுத்தம் ஏறியதாகச் சொல்லி அம்லோடிபினைக் கூட்டினார்கள். அதன் பிறகு காலையில் தலைசுற்றல். அதற்கப்புறம் குளியலறையில் விழுந்தீர்கள்.

இபுபுரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அந்த ஏற்றத்துக்காக இன்னொரு மருந்து கூடும். அந்த மருந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு ஒரு விழுகை. முதியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் விஷயத்தில் இப்படித்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை அப்படியே பொருந்துகிறது, சோதித்துப் பார்ப்பதும் சுலபம். ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ரத்த அழுத்தம் எடுக்க வேண்டும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். உட்காரவைத்து மட்டும் அழுத்தம் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இது போக, ஆஸ்பிரினும் இபுபுரொஃபெனும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து ஒவ்வொன்றும் தனியாகத் தருவதைவிட அதிகம். சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. ஆகவே இபுபுரொஃபெனை இன்றே நிறுத்திவிடுங்கள், இதற்கு மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். முழங்காலுக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் பலருக்கு நன்றாகவே கேட்கும், ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போடலாம். ஒருநாளில் எவ்வளவு போகலாம் என்பதை மட்டும் உங்கள் எடையையும் கல்லீரலையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தொடைத் தசை வலுவானால் முழங்கால் வலியே குறையும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆஸ்பிரினை எப்படி முடிவு செய்வது

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், தொடர்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நிறுத்தப் பல காரணங்கள் தெரிகின்றன: வயது, விழுந்திருக்கிறீர்கள், ரத்தசோகையாக இருக்குமோ என்ற சந்தேகம், கூடவே ஒரு வலி மாத்திரை. விழுவதை இங்கே குறிப்பாகச் சொல்கிறேன். ஆஸ்பிரின் எலும்பு முறிவைக் குறைக்குமோ என்று ஆஸ்ப்ரீ ஆய்வாளர்கள் பார்த்தார்கள். குறைக்கவில்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டிய அளவு விழுந்த சம்பவங்கள் ஆஸ்பிரின் பக்கம் 17 சதவீதம் அதிகமாக இருந்தன. மண்டைக்குள் ரத்தக்கசிவும் 38 சதவீதம் அதிகம். அடுத்த முறை இடுப்புக்குப் பதில் தலை இடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனாலும் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்துங்கள் என்பேன். உங்களுக்கே தெரியாமல் பழைய ரிப்போர்ட் ஒன்றில் ஏதாவது இருக்கலாம். மூளை ஸ்கேனில் பழைய பக்கவாதத் தடம், கால் ரத்தக்குழாய் அடைப்பு, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு போன்றவை இருந்தால் கணக்கே மாறிவிடும். நாடித்துடிப்பு தாறுமாறாக இருந்தால் அதற்கு ஆஸ்பிரின் மருந்தே இல்லை, வேறு வகை மருந்து வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இல்லை இது. புதிய தட்டணுக்கள் வரவர ஒரு வாரம் பத்து நாளில் ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நிறுத்திய அன்றே ரத்தம் உறைந்துவிடும் என்ற உங்கள் பயம் ஸ்டென்ட் வைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதால் வந்தது.

முடிவு உங்களுடையது, அம்மா. மகனும் மகளும் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் உடல் உங்களுடையது. "இந்த மருந்து எனக்கு எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று மருத்துவரிடம் கேட்கவும், புரியும்படி பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதுவரை எந்த மருத்துவரிடமும் ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், மூலிகை, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எழுதிக்கொண்டு போவதைவிட அது நல்லது. எழுதும்போது "இது மருந்தில்லை" என்று நாமே சிலதை விட்டுவிடுவோம்.

அக்காவுக்கு

அக்கா நிறுத்தக் கூடாது. இதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர், பைபாஸ் செய்தவர், அடைப்பினால் பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் பாதுகாப்பு ரத்தக்கசிவு ஆபத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குவதானாலும் கண் அறுவை சிகிச்சையானாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட அவர் விடக்கூடாது. உங்கள் கணவருக்கு ஆஸ்பிரின் கொடுத்ததும் சரிதான். அதே அட்டை, அதே மாத்திரை, ஆனால் அவர் உடம்பில் அதற்கு இருந்த வேலை உங்கள் உடம்பில் இல்லை.

சர்க்கரை நோய் உள்ள வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மாரடைப்போ பக்கவாதமோ வராத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில், ஆஸ்பிரின் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 12 சதவீதம் குறைத்தது, பெரிய ரத்தக்கசிவை 29 சதவீதம் கூட்டியது. அவர்களும் தானாகத் தொடங்காமலும் தானாக நிறுத்தாமலும் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் காலில் நீங்கள் நிற்க

மாத்திரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு என்ன என்று கேட்பீர்கள். இதில் என்னிடம் நல்ல செய்தி இருக்கிறது. 70 முதல் 89 வயது வரை, அதிகம் நடமாடாத 1,635 பேரிடம் அமெரிக்காவில் லைஃப் என்ற ஆய்வு நடந்தது, 2014-இல் முடிவு வந்தது. ஒரு குழுவுக்கு ஒழுங்காக நடைப்பயிற்சி, கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள் மட்டும். சுமார் இரண்டரை ஆண்டுகளில், 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம், பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம். ஆஸ்பிரினால் கிடைக்காதது இங்கே கிடைத்தது. விழுவதும் அப்படியே: சமநிலைப் பயிற்சிகள் முதியவர்கள் விழும் விகிதத்தில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள். 30 நொடியில் எத்தனை முறை முடிகிறது? உங்கள் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை, விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தச் சோதனையையே பயிற்சியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை முடிவும், நின்று எடுத்த ரத்த அழுத்தமும் கைக்கு வந்த பிறகு, காலையும் மாலையும் ஐந்தைந்து முறை எழுந்து உட்காருங்கள். முதலில் கை ஊன்றியே செய்யலாம், பழகப் பழகக் கையை விடலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலில் நிற்பது. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நேரில் ஓரிரு முறை கற்றுக்கொண்டால் நல்லது. வாரத்தில் மூன்று நாளாவது இப்படிப் பயிற்சி வேண்டும் என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத விரிப்பு, இரவில் எரியும் சிறு விளக்கு. கண் பரிசோதனை, புரை இருந்தால் அறுவை சிகிச்சை. இவற்றை மகனிடம் ஒப்படையுங்கள். உதவ வேண்டும் என்று துடிப்பவருக்கு ஒரு வேலை கிடைக்கும். காலையில் எழுந்ததும் சட்டென்று நிற்காமல், கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுங்கள். பக்கவாதத்தைத் தடுக்க உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் ரத்த அழுத்தக் கட்டுப்பாடுதான். அதனால் தலைசுற்றலுக்குப் பயந்து அம்லோடிபினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இபுபுரொஃபெனை விட்டபின் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் அளவை மாற்றட்டும். ஸ்டாட்டின் வேண்டுமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

மருத்துவரைப் பார்ப்பதற்குள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் இருக்காது. தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள், ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, மீதி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடவா, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளவா என்று கேட்டிருந்தீர்கள். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சை அழுத்துகிற வலி வந்து மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொன்னால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம், 75 மில்லிகிராம் மாத்திரையானால் நான்கு. வயிற்றில் புண்ணோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது என்று பக்கவாத அறிகுறி தெரிந்தால் மட்டும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது, ரத்தக்கசிவாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கிவிடும்.